அரங்கேற்ற வீடியோவை வீட்டிலேயே எடிட் செய்ய எந்த மென்பொருள்?

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை இரண்டு செல்போன்களில் முழுவதுமாக எடுத்தோம். ஒன்றரை மணி நேரம். இரண்டையும் சேர்த்து டிவியில் பார்க்கும்படி செய்ய வேண்டும். எங்களுடையது ஐ3 லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு மென்பொருளில் இரண்டு நாள் உழைத்தேன். சேமிக்கும்போது படத்தின் குறுக்கே அவர்கள் பெயர் விழுந்துவிட்டது. நிஜமாகவே இலவசமானது எது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஷாட்கட் போடுங்கள். திறமூல மென்பொருள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது; வாட்டர்மார்க் (உங்கள் படத்தின் குறுக்கே விழுந்த பெயர் போன்றது), கால வரம்பு, உறுப்பினர் பதிவு எதுவும் கிடையாது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். இனி எந்த மென்பொருளானாலும், முதலில் 10 விநாடித் துண்டு ஒன்றைப் போட்டு ஏற்றுமதி செய்து, அதாவது முடிந்த வீடியோவாகச் சேமித்துப் பாருங்கள். இரண்டு நாள் உழைப்பு வீணாகாது.

டாவின்சி ரிசால்வைப் பலரும் சொல்வார்கள். அருமையான மென்பொருள்தான், இலவசப் பதிப்பிலும் வாட்டர்மார்க் இல்லை. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப் அதைத் தாங்காது. மைக்ரோசாஃப்டின் எடிட்டிங் மென்பொருளான கிளிப்சாம்ப் சின்ன வீடியோக்களுக்குப் போதும். இவ்வளவு நீள நிகழ்ச்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் வேலையில் சிக்கலான இடம் ஒன்று உண்டு. செல்போன் கேமரா விநாடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்று சொன்னாலும், வெளிச்சத்துக்கு ஏற்ப அது கூடும், குறையும். இதனால் தொடக்க உருப்படியான அலாரிப்பில் சரியாக இருக்கும் ஒலி, பின்னால் வர்ணம் என்ற நீண்ட உருப்படி வரும்போது விலகிவிடும். நட்டுவாங்கத் தாளம் கேட்டுக் கொஞ்சம் கழித்துப் பாதம் தரையில் படும். நாட்டியம் தெரிந்தவர் கண்ணுக்கு அது தாங்காது. இப்படிப்பட்ட கோப்பைச் சேர்க்கும்போது எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றவா என்று ஷாட்கட் கேட்கும். சம்மதியுங்கள். மூன்று தரங்களில் 'குட்' போதும். மற்ற இரண்டும் ஹார்டு டிஸ்க்கை நிரப்பிவிடும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். லேப்டாப் அப்போதும் திணறினால் செட்டிங்ஸ் மெனுவில் 'ப்ராக்ஸி'யை இயக்குங்கள். எடிட் செய்யும்போது மட்டும் சிறிய பிரதிகள் ஓடும். ஏற்றுமதியில் முழுத் தரம் வந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. எந்தப் போனில் ஒலி தெளிவாக இருக்கிறதோ அதைக் கீழ் டிராக்கில் (எடிட்டரில் வீடியோக்களை அடுக்கும் வரிசையில்) முழுசாக வையுங்கள். அதை எங்கேயும் வெட்டாதீர்கள். மற்றதை மேல் டிராக்கில் வைத்து, இரண்டின் ஒலி அலைகளையும் பாருங்கள். தாளம் தட்டும் இடங்கள் ஊசி ஊசியாக நிற்கும். ஒரு ஊசியைக் கீழே உள்ள அதே ஊசிக்கு நேராக நகர்த்தினால் இரண்டும் பொருந்தும். பிறகு மேல் டிராக்கின் ஒலியை அணைத்துவிட்டு, வேண்டாத பகுதிகளை மட்டும் நீக்கினால் அந்த இடங்களில் கீழேயுள்ள படம் தெரியும். இசை அறுபடாது. நீக்க இசட் விசையைப் பயன்படுத்துங்கள், எக்ஸ் வேண்டாம். எக்ஸ் அழுத்தினால் பின்னால் உள்ளவை முன்னே நகர்ந்து, பொருத்திய தாளம் முழுக்கக் கலைந்துவிடும்.

தலைப்பு எழுத யூனிகோடு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா போதும்.

டிவிக்கு எச்.264, எம்பி4 என்ற வீடியோ வடிவத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். 1080பி தரத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒன்றரை மணி நேரம் சுமார் 5.4 ஜிபி வரும். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. சில டிவிகள் மற்ற முறைகளைப் படிப்பதும் இல்லை. அதனால் அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா என்று உருப்படிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து எடுங்கள். பாட்டி வர்ணத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றாலும் தேட வேண்டியிருக்காது.