லண்டனுக்கா, பி.எச்.சி.க்கா?

சார், பாப்பா ஹவுஸ் சர்ஜன் முடித்ததும், வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்வை எழுதி இங்கிலாந்து போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுக் கல்லூரியில் ஊர்க்காசில் படித்துவிட்டு ஓடலாமா என்று உங்கள் அப்பா திட்டுவதையும் சொன்னீர்கள். முதலில் அதையே பேசிவிடலாம், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2006-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, உலக நோய்ச்சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்காவில், சுகாதாரப் பணியாளர்களோ 3 சதவீதம்தான். கானாவும் நைஜீரியாவும் செலவழித்துப் படிக்க வைக்கின்றன. தனக்கு வேண்டிய டாக்டர்களைத் தானே உருவாக்காத பிரிட்டன் கூப்பிட்டுக்கொள்கிறது, அங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். ஆள் பற்றாக்குறை உள்ள 55 நாடுகள் என்று 2023-ல் அதே உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது, அங்கே போய் ஆள் திரட்டக் கூடாது என்பதற்காக. நேபாளம், வங்கதேசம் எல்லாம் அதில் உண்டு, இந்தியா இல்லை. ஆக பாப்பா எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் விருத்தாசலம் பக்கம் ராத்திரி நெஞ்சுவலி என்றால் கடலூர், அங்கேயும் முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர் என்று ஓடுகிறோமே, அதுவும் இதே கதைதான்: டாக்டர் ஊர் ஊராக மேலே போகிறார், நோயாளி ஆம்புலன்சில் பின்னாலேயே போகிறார்.

சரி, வேலைக்கு வருவோம். பிளாப் இரண்டாம் பகுதியை மான்செஸ்டர் போய்த்தான் எழுத வேண்டும், செலவைக் கூட்டிப் பாருங்கள். பாஸ் ஆனாலும் வேலை உடனே கிடைக்கும் காலம் போய்விட்டது. மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சி இடங்களில் அங்கேயே படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று 2025-ல் அந்த அரசே அறிவித்துவிட்டது.

அதனால் என் யோசனை, தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு டாக்டர்களை எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வை முதலில் எழுதட்டும். பி.எச்.சி., அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி, பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்குத்தான். நீட் பி.ஜி. போட்டியில் அது சாதாரண விஷயமா? ஸ்பெஷாலிட்டி முடித்த பிறகும் வெளிநாடு போகலாம், படிப்பு முடிந்ததும் இத்தனை காலம் அரசுப் பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டை மட்டும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், அட்வான்ஸ் கேட்கும் ஏஜென்ட்டுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். எந்தத் துறை பிடிக்கும் என்று பாப்பாவிடமே கேட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.