தலையில் அடிபட்டு ஆறு மாதமாகியும் அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை; இனி வருமா?

வர வாய்ப்பு உண்டு, மனசை விடாதீங்க. ஆரம்ப மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு மெதுவாகும்; அதோடு முடிந்தது என்று அர்த்தமில்லை.

அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபர்ட்ஸின் தலையில் 2011 ஜனவரியில் குண்டு பாய்ந்தது. இடது மூளை சேதமாகிப் பேச்சு போனது. ஆனால் பாட்டு வந்தது! பாடும்போது வலது மூளையும் கைகொடுக்கும். அதனால்தான் பேச்சுப் பயிற்சியில் "தண்ணி வேணும்" என்பதைக்கூட ராகம்போட்டு இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் மேசையில் தட்டச் சொல்வார்கள். அதே வாக்கியம், திரும்பத் திரும்ப, நாள்கணக்கில். கிஃபர்ட்ஸ் 2020இல் கட்சி மாநாட்டில் உரையாற்றினார். பேச இன்னும் சிரமப்படுவதாக அதிலேயே சொன்னார்.

அப்பா ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்காதீங்க. அவர் உதட்டையே பார்த்தபடி கொஞ்சம் காத்திருங்க.