டவுன்பைப்புக்கு ஹீட் கோட்டிங் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்யும் எண்ணத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) உள்ளேயே இருக்கும் மாடல். இன்னும் மாட்டவில்லை. விற்றவர், "இதோடு செராமிக் ஹீட் கோட்டிங்கும் போட்டுடுங்க, 9,500தான். பானெட் சூடு பாதியாகும், அஞ்சு எச்பி கூடும்" என்கிறார். என் மெக்கானிக்கோ, "ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எதுக்கு சார் கோட்டிங்?" என்று சிரிக்கிறார். தினமும் ஆபீஸ் போய் வருவது, அவ்வப்போது ஊட்டி, வருடத்தில் ஓரிரு முறை கரி ஸ்பீட்வேயில் டிராக் டே. யார் பேச்சைக் கேட்பது? - கோவை வாசகர்

பதில்: இருவருமே பாதி சரி. முதலில் அந்த அஞ்சு எச்பியை மறந்துவிடுங்கள். கோட்டிங்கால் ஓட்டத்துக்கு லாபம் உண்டு என்றால் அது டர்போவுக்கு (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) முன்னால் உள்ள பாகத்தில்தான். அங்கே வாயுவின் சூட்டை வெளியே விடாமல் வைத்தால் டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றக் கூடுதல் சக்தி கிடைக்கும். டவுன்பைப் டர்போவுக்குப் பின்னால் வருவது. அதற்குள் டர்பைன் தன் வேலையை முடித்துவிட்டது. உங்கள் இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே (எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் பாகம்) சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. அதனால் டர்போவுக்கு முன்னால் கோட்டிங் போடத் தனிக் குழாய் என்று எதுவும் இல்லை.

சரி, சூடு குறையுமா? இங்கேதான் விற்பவர்கள் பூசி மெழுகுகிறார்கள். ஹீட் கோட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்று, ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் மெல்லிய வகை. அமெரிக்காவின் செராகோட் சி வரிசை இந்த ரகம். அதில் சில நிறங்கள் 980 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று சான்று உண்டு. தடிமன் பொதுவாக 25 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும், தலைமுடியில் பாதிகூட இல்லை. இன்னொன்று, சிர்கோனியாப் பொடியை பிளாஸ்மா சுடரில் உருக்கி அறையும் தடித்த வகை, சுமார் 0.3 மில்லிமீட்டர். ரேஸ் கார்களில் போடுவது இது. இங்கிலாந்தின் ஜிர்கோடெக் இதில் பெயர் பெற்றது. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நுட்பம். 9,500 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் முதல் வகைதான்.

அந்த 25 மைக்ரான் படலத்தால் சூட்டைத் தடுத்து நிறுத்த முடியாது. அது செய்வது வேறு: துருவைத் தடுக்கும், குழாய் சூட்டை வீசும் விதத்தை மாற்றும். சூடான குழாய் பக்கத்தில் இருப்பவற்றைச் சுடுவது பெரும்பாலும் கதிர்வீச்சால். 300 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர அடி கறுப்புப் பரப்பு ஏறத்தாழ அரை கிலோவாட் வெப்பத்தை வீசும். அதுவே 600 டிகிரிக்குப் போனால் இரண்டே முக்கால் கிலோவாட், வீட்டு கீசர் இழுக்கும் அளவு. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது உங்கள் டவுன்பைப் முதல் கணக்கில் இருக்கும். டிராக்கில் பத்து சுற்று அடித்தால் இரண்டாவது கணக்கை நெருங்கும்.

பளபளப்பான புது ஸ்டெயின்லெஸ், அதே சூட்டில் உள்ள கறுப்புப் பரப்பு வீசுவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வீசும். சூடுபட்டு நிறம் மாற மாற இந்த நல்ல குணம் குறைந்துகொண்டே போகும். அதன் மேல் நீங்களே அழகுக்காகக் கறுப்பு கோட்டிங் அடித்தால், காசு கொடுத்து பானெட்டுக்குள் கூடுதல் சூட்டை வரவழைத்ததாகவும் ஆகலாம். மெல்லிய வகைதான் போடப்போகிறீர்கள் என்றால் வெள்ளி நிறத்தைக் கேளுங்கள். பார்க்கக் கறுப்பு நன்றாக இருக்கும்தான். ஆனால் பானெட்டைத் திறந்து யாருக்குக் காட்டப்போகிறோம்?

கடையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டி, "பாருங்க, பழைய குழாய் 320, நம்ம கோட்டிங் 190" என்று காட்டுவார்கள். அந்தத் துப்பாக்கி அளப்பது குழாயின் சூட்டை அல்ல, அது வீசும் கதிர்வீச்சை. மலிவு ரகக் கருவிகள் எல்லாப் பரப்பையும் கறுப்பு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும். வெள்ளி நிறப் பரப்பில் நீட்டினால் எண் தானாகவே குறைவாகத்தான் காட்டும். கதிர்வீச்சு குறைவது உண்மை, குழாய் 130 டிகிரி குளிர்ந்துவிட்டது என்பது பொய். அவர் முன்னாலேயே இரண்டு குழாயிலும் ஒரே வகை ஹீட் புரூஃப் கறுப்புப் பெயின்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு அடித்து, அந்தப் பொட்டில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். துருவை மட்டும் நினைத்தால் அவர் சரி. உண்மையான 304-க்குக் கோயம்புத்தூர் காற்றில் கோட்டிங் தேவையே இல்லை. உண்மையான 304 என்பதில்தான் விஷயம். கைப்பிடிக் கம்பி, கேட் வேலைக்கு வரும் 202 ரகக் குழாயையும் நம் ஊரில் எஸ்எஸ் என்றுதான் பில் போடுகிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலுமே ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் மொத்த வியாபாரிகளிடம் மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் சொட்டு மருந்து இருக்கும். பின்பக்கம் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். 202 என்று தெரிந்தால் கோட்டிங் பேச்சை விட்டுவிட்டு, குழாயைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சைத் தொடங்குங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் குழாயை அப்படியே மாட்டிப் பார்ப்பேன். ஃபிளாஞ்ச் (குழாயை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) நேராக உட்காருகிறதா, ஓ2 சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது) மரை சரியாக ஏறுகிறதா, டிரைவ் ஷாஃப்ட்டில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். கோட்டிங் போட்ட பிறகு "கொஞ்சம் வெட்டி வெல்டிங் வைக்கணும்" என்ற நிலை வந்தால், வெல்டிங் பட்ட இடத்தில் கோட்டிங் கருகிப்போகும். கோட்டிங் பிடிப்பதற்காக சாண்ட் பிளாஸ்ட் செய்த (மணலை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கிய) பொருளை எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார். பின்னால் வெல்டிங் விரிசல் விட்டால் விற்றவர் கோட்டிங்காரரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார்.

பொருத்தம் சரி என்று தெரிந்த பிறகு, கம்பெனியில் வந்த ஹீட் ஷீல்டைத் தேடுங்கள். புது டவுன்பைப்பில் அதன் போல்ட் துளைகள் பொருந்துவதில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மூலையில் போட்டுவிடுவது வழக்கம். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே விரல் கனம் காற்று இடைவெளி விட்டு, பிராக்கெட் அடித்து அதையே திரும்ப மாட்டினால், எந்த மெல்லிய கோட்டிங்கையும்விட அதிகக் கதிர்வீச்சைத் தடுக்கும். செலவு சில நூறு ரூபாயும் மெக்கானிக்கின் பொறுமையும்தான். அதற்கு மேல் வயரிங் உறை, கூலன்ட் ஹோஸ் ஏதாவது குழாயை ஒட்டிப் போகிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் அலுமினிய ஹீட் ஸ்லீவ்.

ஆகவே உங்கள் ஓட்டத்துக்கு 9,500 தேவையில்லை. டிராக் டே மாதம் ஒன்று என்று ஆகிவிட்டால் மறுபடி யோசிக்கலாம், அப்போதும் தடித்த வகையை. அப்படிப் போடுவதானால் மூன்று இடங்களை மாஸ்க் செய்யச் (கோட்டிங் படாமல் மூடச்) சொல்லுங்கள்: ஃபிளாஞ்ச் முகம், சென்சார் மரை, வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பகுதி. ஃப்ளெக்ஸ் மேல் அடித்த கோட்டிங் முதல் வாரத்திலேயே வெடித்து உதிரும். பிளாஸ்டிங்குக்கு அலுமினியம் ஆக்சைடு மணல்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இரும்புப் பொடியால் அடித்தால் அந்தத் துகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து, பிறகு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். உங்கள் மாடலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளேயே இருப்பதால், மணல் அதன் தேன்கூட்டுக் கண்களுக்குள் போகாமல் இரண்டு வாயையும் அடைத்தாக வேண்டும்.

கேள்வி: கோட்டிங்குக்குப் பதிலாக ஹீட் ராப் துணி சுற்றினால் போதாதா? விலை கால்வாசிதான். - சென்னை, வேளச்சேரி வாசகர்

பதில்: சூட்டை அடக்குவதில் துணி மெல்லிய கோட்டிங்கைவிடக் கெட்டி. அதை மறுக்க முடியாது. ஆனால் வேளச்சேரி என்று எழுதியிருக்கிறீர்களே! மழைத் தண்ணீரில் ஒரு முறை இறங்கி ஏறினால் அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மைல்ட் ஸ்டீல் குழாயாக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே செதில் செதிலாகத் துரு உரியும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேறு தொல்லை. சூடு வெளியேற வழியில்லாததால் உலோகமே கூடுதலாகக் காயும். சாதாரண 304 ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி அரிப்பைத் தாங்கும் குணத்தை இழந்து, விரிசலுக்கு இடம் கொடுக்கும். ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி) தயாரிப்பாளர்கள் பலர் துணி சுற்றினால் வாரன்டி கிடையாது என்று எழுதி வைப்பது இதனால்தான். இன்ஜின் ஆயில் கசியும் வண்டியில் சுற்றவே கூடாது. எண்ணெய் ஊறிய துணி தீப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் வெளியே எடுக்காத ரேஸ் கார் என்றால் சுற்றுங்கள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு. அந்தக் கண்ணாடி இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு.

கேள்வி: ஹெடருக்கு 7,000 கொடுத்து ஹீட் கோட்டிங் போட்டேன். மூன்றே மாதத்தில் உரிகிறது. போட்டவர், "உங்க இன்ஜின் ஓவர்ஹீட் ஆகுது, நாங்க பொறுப்பில்லை" என்கிறார். - மதுரை வாசகர்

பதில்: உரிந்த விதத்தைப் பாருங்கள், பாதி உண்மை அங்கேயே இருக்கும். நகத்தால் நெம்பினால் பட்டை பட்டையாகக் கிளம்பி, கீழே வழவழப்பான உலோகம் தெரிந்தால், சரியாக பிளாஸ்ட் செய்யாமல் தின்னர் துடைத்து அடித்திருக்கிறார்கள். பிளாஸ்ட் செய்த உலோகம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். அப்படியில்லாமல், சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய அங்குலங்களில் மட்டும் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினால், அந்த கோட்டிங் தாங்கும் அளவைவிடச் சூடு அதிகம். அப்போதும் கேள்வி அவருக்குத்தான்: எத்தனை டிகிரி தாங்கும் என்று சொல்லி விற்றார்? சாதாரண பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரியில் வேகவைப்பது. அது எக்ஸாஸ்ட்டில் சில நாளில் கருகும். ஹீட் ரெசிஸ்டன்ட் சிலிக்கோன் பெயின்ட் பொதுவாக 600, 650 டிகிரியோடு நின்றுவிடும். நன்றாக மிதித்து ஓட்டும் பெட்ரோல் இன்ஜினில் ஹெட் வாயிலில் வாயு 800-ஐத் தாண்டிப் போகும்.

பில் இருக்கிறதா? பில்லில் பொருளின் பெயர், தாங்கும் சூடு எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் அவர் சொன்னதை அழிக்காமல் வையுங்கள். உரிந்த இடத்தை வெளிச்சத்தில் படம் எடுத்து, மறுபடி இலவசமாகப் போட்டுத் தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 7,000 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். பெரும்பாலும் எழுத்தில் நோட்டீஸ் போனதுமே பேச்சு மாறும்.

கேள்வி: பழைய ஹோண்டா சிட்டிக்கு மைல்ட் ஸ்டீலில் 4-2-1 ஹெடர் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) அடித்து வாங்கியிருக்கிறேன். பெயின்ட் போதுமா, கோட்டிங் வேண்டுமா? - திருச்சி வாசகர்

பதில்: கோட்டிங் வேண்டும், யோசிக்க வேண்டாம். உள்ளும் புறமும். வண்டியை அணைத்து ஆறும்போது உள்ளே நீர் வேர்த்து, மைல்ட் ஸ்டீல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே மட்டும் அடித்துவிட்டு வருடக்கணக்கில் ஓடும் என்று நம்ப முடியாது. புதுக் குழாயாக இருக்கும்போதே செய்யுங்கள். ஓடிய குழாயில் கரியும் எண்ணெயும் ஏறியிருக்கும், சுத்தம் செய்யவே தனிக் கூலி. கோட்டிங் முடிந்து வந்ததும் உள்ளே காற்றடித்து, தட்டிப் பார்த்து மணல் எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் டர்போ இல்லை, அதனால் பெரிய ஆபத்து இல்லை. டர்போ வண்டியின் மேனிஃபோல்டில் நாலு மணல் தங்கினாலே டர்பைன் இறக்கையைக் கடித்துவிடும்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா? - சேலம் வாசகர்

பதில்: கம்பெனிக் குழாயின் மேலேயே கோட்டிங் போடுவதில் சிக்கல் இல்லை. குழாயை மாற்றுவதில்தான் இருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறினால் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட டவுன்பைப் இந்த இரண்டிலுமே மாட்டும். விற்பவர் பில்லில் 'ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், ரோட்டில் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கேள்வி: புல்லட் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) நீலம் பாரிக்கிறது. வெளியே ஹீட் கோட்டிங் அடித்தால் நிற்குமா? - தஞ்சாவூர் வாசகர்

பதில்: மறையும், நிற்காது. நீலம் வருவது உலோகம் அளவுக்கு மீறிக் காய்வதால். முதலில் கலவை லீனாக (காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக) ஓடுகிறதா, சைலன்சர் ஜாயின்ட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தும் நீலம் வந்தால் உள்பக்கம் கோட்டிங் போட்ட புதுக் குழாய்தான் வழி. ஏற்கெனவே பாரித்த நீலத்துக்கு மெட்டல் பாலிஷும் கொஞ்சம் கை உழைப்பும் போதும்.