ஏஐ ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பப் போகிறீர்களா: நம்ம ஊர் ஸ்காலர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக ஏஐ ஜர்னல்களுக்கு ரிவ்யூவும் செய்கிறேன். பேப்பர் அனுப்புவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கோபி: அக்கா, வாட்ஸ்அப்பில் ஒருத்தர் "ஸ்கோப்பஸ் ஜர்னல், ஏழு நாளில் அக்செப்டன்ஸ், 18,000 ரூபாய்" என்கிறார். கைடும் கட்டிவிடலாம் என்கிறார். நம்பலாமுங்களா?

கட்டாதீங்க தம்பி. ஏழு நாளில் ஏன் முடியாது என்று சொல்கிறேன். பேப்பர் வந்ததும் எடிட்டர் படித்து, இது நம் ஜர்னலுக்குப் பொருந்துமா என்று பார்த்து, அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்குக் கடிதம் எழுத வேண்டும். அதில் பாதிப் பேர் நேரமில்லை என்பார்கள், வேறு ஆளைத் தேட வேண்டும், ஒத்துக்கொண்டவரும் தன் வேலைக்கு நடுவில்தான் சம்பளமில்லாமல் படிக்கிறார். இதற்கே மாதக்கணக்கு ஆகும். ஏழு நாள் என்றால் யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், தப்பு இருப்பது பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஒரு போலிப் பேப்பரை எழுதி 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. இந்தச் சோதனை பற்றி அவர் எழுதிய கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

அவர் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல் நீங்களே ஸ்கோப்பஸ் என்ற ஜர்னல் தரவுத்தளத்தின் சோர்ஸஸ் பக்கத்துக்குப் போய், ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடுங்கள், காசு இல்லாமலே பார்க்கலாம். எந்த வருஷம் வரைக்கும் கவரேஜ் என்று அங்கேயே இருக்கும், நிறைய ஜர்னல்கள் பாதியில் நீக்கப்பட்டவை. நல்ல ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் அப்படியே திருடி வேறு தளம் நடத்துகிற கூட்டமும் இருக்கிறது, அதனால் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, தளத்தின் முகவரியும் பொருந்த வேண்டும்.

நான் ஸ்காலராக இருந்தபோது இப்படி ஒரு ஜர்னலுக்குப் பணம் கட்டினேன். ஒன்றரை வருஷத்தில் அந்தத் தளமே காணாமல் போய்விட்டது. பணம் போனதைவிட, அதே வேலையை வேறு எங்கும் அனுப்ப முடியாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பெரிய பதிப்பகத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்: 2023-ல் மட்டும் ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, ஏஐ சார்ந்த ஜர்னல்களும் அதில் உண்டு.

ஈரோடு: யூஜிசி கேர் லிஸ்ட் எடுத்துவிட்டார்களாமே, அப்படியானால் எதைப் பார்த்து ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது?

ஆமாம், யூஜிசி ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், தரத்தைக் கல்வி நிறுவனமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய நிலை. 2022 நவம்பரில் வந்த பிஎச்டி விதிமுறையில் தீசிஸுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையையும் யூஜிசி எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். சீனியர் சொன்னார் என்று விடாமல் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுக்கிற சமயத்தில் அது கைகொடுக்கும்.

பவானி: மஞ்சள் இலை நோயைக் கண்டுபிடிக்கும் மாடல், அக்யுரசி 98.7 சதவீதம். மூன்று ஜர்னல்களில் ரிஜெக்ட். "புதுமை போதாது" என்கிறார்கள். எங்கே தப்பு என்று தெரியவில்லை அக்கா.

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மணி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து வரும் பேப்பர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

முதலில் படங்களைப் பிரித்த விதம். 600 படம் எடுத்தீர்கள், சுழற்றி, திருப்பி, வெளிச்சம் மாற்றி 6,000 ஆக்கினீர்கள், அப்புறம் டிரெயினிங்குக்கு 80, டெஸ்ட்டுக்கு 20 என்று பிரித்தீர்கள். அப்படியென்றால் ஒரே இலையின் நேர்ப்படம் டிரெயினிங்கிலும் திருப்பிய படம் டெஸ்ட்டிலும் இருக்கும். வினாத்தாளை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பரீட்சை வைக்கிற மாதிரிதான் அது. முதலில் பிரிக்க வேண்டும், டிரெயினிங் பக்கத்தில் மட்டும்தான் பெருக்க வேண்டும்.

அதோடு நிற்காமல் தோட்டவாரியாகப் பிரித்துப் பாருங்கள். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் நாலு தோட்டத்தில் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, மூன்று தோட்டத்தில் கற்றுக்கொடுத்து நாலாவது தோட்டத்தில் சோதியுங்கள், பிறகு தோட்டத்தை மாற்றி மாற்றி நாலு தடவையும் செய்யுங்கள். அக்யுரசி கண்டிப்பாக இறங்கும், 70-க்குக்கூட வரலாம். பயப்பட வேண்டாம், அந்த 70-ஐ நான் நம்புவேன். மொடக்குறிச்சியில் ஒரு விவசாயி போனை நீட்டிப் படம் எடுத்தால் உங்கள் மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குச் சொல்வது அந்த எண்தான்.

இது புதுக் கதையும் கிடையாது. பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப்பட டேட்டாசெட் தெரியும்தானே, 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். அதை வைத்து 2016-ல் மொஹந்தி குழுவினர் எழுதிய பேப்பரில் அக்யுரசி 99.35 சதவீதம், ஆனால் வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர்களே அதை மறைக்காமல் எழுதினார்கள், அந்தப் பேப்பரை இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த 14 பயிரில் மஞ்சள் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது, உங்கள் கையில் அந்த மஞ்சளின் இலைப்படம் இருக்கிறது, எந்தத் தோட்டம், எந்த வயது, இலைப்புள்ளியா கருகலா என்று நோயியல் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன குறிப்பும் இருக்கிறது. புதுமை அங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதைப் பின்னால் ஒரு பத்தியில் ஒளித்துவைத்துவிட்டு, இருக்கிற மாடலில் ஒரு லேயரைச் சேர்த்ததை முன்னால் வைத்திருக்கிறீர்கள். திருப்பி வையுங்கள். டேட்டாவை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள், இரண்டு மூன்று எளிய மாடல்களோடு ஒப்பிடுங்கள், ஒரே ரன்னை நம்பாமல் ஐந்து வெவ்வேறு சீடில் (தொடக்க எண்ணில்) ஓட்டிச் சராசரியும் விலகலும் கொடுங்கள். தோற்ற படங்களையும் ஒரு பக்கத்தில் போடுங்கள். ரிவ்யூவராக நான் முதலில் பார்க்கிற பக்கம் அதுதான்.

திருப்பூர்: துணிப் பழுது கண்டுபிடிக்கும் வேலை முடித்திருக்கிறேன். ஏபிசி கட்ட ஒண்ணரை லட்சம் கேட்கிறார்கள். அப்பா பனியன் கம்பெனியில் டெய்லருங்க, அவ்வளவு முடியாது. காசில்லாமல் நல்ல ஜர்னலே கிடையாதா?

ஏபிசி (APC) என்பது ஆர்ட்டிகிள் பிராசஸிங் சார்ஜ் தம்பி, கட்டுரை வெளியிடுவதற்கான கட்டணம். அது எல்லா இடத்திலும் கிடையாது, உங்கள் துறையின் மிக நல்ல ஜர்னல்களே காசு வாங்குவதில்லை. ஏஐ ஆராய்ச்சிக்கான ஜேஏஐஆர் (JAIR) 1993-லிருந்து இணையத்தில் வருகிறது, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இலவசம். மெஷின் லேர்னிங்குக்கான ஜேஎம்எல்ஆர் (JMLR) 2000-ல் தொடங்கியது. அதற்கு ஆதரவாக 2001-ல் ஒரு வணிக ஜர்னலின் எடிட்டோரியல் போர்டிலிருந்து நாற்பது பேர் ராஜினாமா செய்தார்கள், ஆராய்ச்சி எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதே துறைக்கு 2022-ல் வந்த டிஎம்எல்ஆரும் (TMLR) இலவசம்தான். அங்கே கேட்பது இரண்டே கேள்வி: நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா, இதைப் படிக்க ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்களா. உலகத்திலேயே அதிக அக்யுரசி என்று காட்ட வேண்டியதில்லை.

இவை மூன்றும் முறையில் ஆழம் எதிர்பார்ப்பவை, உங்கள் வேலை முழுக்கப் பயன்பாடு சார்ந்தது என்றால் ஹைப்ரிட் ஜர்னல்களைப் பாருங்கள், அதாவது சந்தா, ஓப்பன் ஆக்சஸ் (எல்லாரும் இலவசமாகப் படிப்பது) என்று இரண்டு வழியும் உள்ளவை. அவற்றில் ஓப்பன் ஆக்சஸ் என்று டிக் செய்தால்தான் கட்டணம், சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் பொதுவாக ஒரு பைசா கிடையாது. அந்தக் கட்டம் வரும்போது நிதானமாகப் படித்து டிக் செய்யுங்கள்.

நாமக்கல்: நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரே பேப்பரை இரண்டு ஜர்னலுக்கு அனுப்பலாமா?

கூடாது. ஒன்றில் முடிவு வந்த பிறகோ, நீங்களே முறைப்படி திரும்பப் பெற்ற பிறகோதான் அடுத்தது. இரண்டு ஜர்னலுக்கும் ஒரே ரிவ்யூவர் அமைவது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம், எனக்கே இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறது.

கோவை: முதலில் ஆர்க்கைவில் போட்டுவிட்டு ஜர்னலுக்கு அனுப்பலாமா?

ஆர்க்கைவ் (arXiv) என்பது ரிவ்யூவுக்கு முன்பே பேப்பரை எல்லாரும் படிக்கும்படி போடுகிற தளம். பெரும்பாலான ஏஐ ஜர்னல்கள் இதை ஒத்துக்கொள்கின்றன, ஆனாலும் அந்த ஜர்னலின் விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள். முதல் தடவை போடுபவருக்கு எண்டார்ஸ்மென்ட் (ஏற்கெனவே போட்டவரின் பரிந்துரை) தேவைப்படும், உங்கள் துறையில் அங்கே ஏற்கெனவே போட்ட ஒருவரிடம் கேளுங்கள். சர்வே பேப்பராக (மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது) இருந்தால் ஒரு விஷயம்: 2025 அக்டோபர் கடைசியிலிருந்து கணினி அறிவியல் பிரிவில் சர்வேக்களை ஏற்கெனவே ரிவ்யூ முடிந்திருந்தால்தான் எடுக்கிறார்கள்.

சத்தியமங்கலம்: தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷ் வராததால் சாட்ஜிபிடியில் எழுதி வாங்குகிறேன். இது தப்பா அக்கா?

நானும் தமிழ் மீடியம்தான் அம்மணி. மொழியைத் திருத்தப் பயன்படுத்துவதைப் பெரும்பாலான ஜர்னல்கள் அனுமதிக்கின்றன, எங்கே எதற்குப் பயன்படுத்தினோம் என்று பேப்பரிலேயே சொல்லச் சொல்கின்றன, சொல்லிவிடுங்கள். ஏஐ கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது, தப்புக்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்று 2023-லேயே ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளைச் சொல்லும் கோப் (COPE) அமைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. ரெஃபரன்ஸை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், இல்லாத பேப்பரை இருப்பதுபோல் எழுதித் தரும். ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

பிளேஜியரிசம் சதவீதத்தைக் குறைக்க வார்த்தையை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, அதன் பக்கமே போகாதீர்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று மாறி அச்சான பேப்பர்களை 2021-ல் கியோம் கபனாக் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடித்தார்கள். என் மாணவிகளுக்குச் சொல்வது, முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள், என்ன செய்தேன், ஏன் செய்தேன், என்ன கிடைத்தது என்று. அது தெளிவாக வந்துவிட்டால் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ரிவ்யூவர் எளிய இங்கிலீஷை ரிஜெக்ட் செய்வதில்லை, புரியாத இங்கிலீஷைத்தான் செய்கிறார்.

பொள்ளாச்சி: தென்னை வாடல் நோய் பற்றிய பேப்பருக்கு மேஜர் ரிவிஷன் வந்திருக்கிறது. 31 கமென்ட். இரண்டாவது ரிவ்யூவர் கோபமாக எழுதியிருக்கிறார். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

விட்டுவிடாதீங்க, மேஜர் ரிவிஷன் நல்ல செய்தி. மெயிலை மூடிவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறங்கள். அப்புறம் 31-ஐயும் ஒரு ஃபைலில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதில், மாற்றிய வரி, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். ஒன்றையும் தாண்டிப் போகக் கூடாது. ரிவ்யூவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், அவர் தப்பாகப் புரிந்துகொள்ளும்படி நாம் எழுதியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை மாற்றுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், காரணத்தோடும் ஒரு சோதனையோடும் மறுத்து எழுதலாம், நான் ரிவ்யூவராக அப்படி மறுக்கப்பட்டு, அவர்கள் சொன்னதே சரி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனைமலைப் பக்கம் இன்னும் ஒரு தோப்பில் படம் எடுக்க அவகாசம் வேண்டும் என்றால் எடிட்டருக்கு இப்போதே எழுதுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

சேலம்: வேலையில் பங்கே எடுக்காத ஒருவர் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இது கஷ்டமான கேள்வி, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பங்கு இல்லாதவர் பெயரைப் போடுவது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நேருக்கு நேர் மோதச் சொல்லவும் மாட்டேன். இப்போது நிறைய ஜர்னல்கள் 14 வகைப் பங்களிப்புகள் உள்ள கிரெடிட் (CRediT) என்ற பட்டியலைக் கேட்கின்றன. யோசனை யாருடையது, கோடு எழுதியது யார், டேட்டா எடுத்தது யார் என்று பெயர்வாரியாக எழுத வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பித் தரும்படி அவரிடமே மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். பல இடத்தில் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

தாராபுரம்: கொங்குத் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்து பேச்சு உணரும் மாடல் செய்கிறேன். இதையெல்லாம் எந்த ஜர்னல் எடுக்கும்?

எடுக்கும் தம்பி, இந்தக் கேள்வியைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். கணினித் துறைச் சங்கமான ஏசிஎம் நடத்தும் டாலிப் (TALLIP) ஜர்னல் ஆசிய மொழிகளுக்கும் டேட்டா குறைவான மொழிகளுக்குமே உள்ளது. இருக்கிற தமிழ் மாடல்களிடம் 'ஒறம்பரை' (உறவினர்), 'பொடக்காலி' (புழக்கடை) என்று சொல்லி எங்கே தடுமாறுகிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள், உங்கள் பேப்பரின் தொடக்கமே அதுவாக இருக்கட்டும். பேசுபவரின் ஊர், வயது, ஆணா பெண்ணா, எந்த போனில் பதிவு செய்தது எல்லாம் குறித்து வையுங்கள். ஒருவரின் குரல் டிரெயினிங்கிலும் டெஸ்ட்டிலும் சேர்ந்து வரவே கூடாது, பவானிக்கு இலைக்குச் சொன்னது உங்களுக்குக் குரல். ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்று சொல்வதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜர்னல் அதைக் கேட்கும். கேட்காவிட்டாலும் அந்த அப்பத்தாக்களுக்குத் தங்கள் குரல் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இருபது பேர் பேச்சு சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துத் தருகிறேன்.