யாருக்கும் வரி புரியாத பாட்டு: 'லூயி லூயி' பற்றிக் கேள்வி பதில்

பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி 'லூயி லூயி' பற்றியே இருந்தன. எனக்கும் அதுதான் வசதி. வீட்டில் இந்த ஒரு பாட்டையே நாற்பது விதமாக வைத்திருக்கிறேன் என்று என்னைக் கேலி செய்யாத ஆளில்லை.

சார், இது கிங்ஸ்மென் குழுவின் சொந்தப் பாட்டுதானே? ஆல்பத்தில் வேறு யாரோ பெர்ரி என்று போட்டிருக்கிறதே?

போட்டிருப்பதுதான் சரி. பாட்டு ரிச்சர்ட் பெர்ரியுடையது. லூசியானாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். 1955-இல் எழுதினார். 1957-இல் ஃபிளிப் என்ற சின்னக் கம்பெனி அதை இசைத்தட்டாக வெளியிட்டது, அதுவும் பின்பக்கத்தில். முன்பக்கம் 'யூ ஆர் மை சன்ஷைன்'. அந்தக் காலத்தில் பின்பக்கம் என்றால் யாராவது திருப்பிப் போட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். மேற்குக் கடற்கரையில் ஓரளவு ஓடியது, அப்புறம் அடங்கிவிட்டது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்துக் குழுவான கிங்ஸ்மென் பாடியது 1963-இல்.

சக் பெர்ரிக்கு இவர் தம்பியா?

இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் சக் பெர்ரியின் 'ஹவானா மூன்' பாட்டின் வாடை இதில் அடிக்கும். அதையும் ஒருமுறை கேட்டுவிட்டு இதைப் போடுங்கள், தெரியும்.

அந்த 'டன் டன் டன், டன் டன்' ஒரு கியூபா பாட்டிலிருந்து சுட்டது என்று படித்தேன். உண்மையா அண்ணா?

சுட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்டது என்று சொல்வேன். நடந்தது இதுதான். அனஹைம் ஊரில் ஹார்மனி பார்க் என்று ஒரு நடன அரங்கம். ரிக் ரில்லெராவும் ரிதம் ராக்கர்ஸும் என்ற குழு அங்கே வாசிக்கும். பெர்ரி அவர்களோடு பாடப் போயிருக்கிறார். தன் முறை வருவதற்காகக் காத்திருக்கும்போது மேடையில் கியூபாக்காரர் ரெனே டூசேயின் 'எல் லோகோ சா சா சா' ஓடுகிறது. தொடக்கத்திலேயே பத்து அடி: மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. அது தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. கையில் கிடைத்த காகிதத்தில் அங்கேயே வரிகளைக் கிறுக்கினார். சிலர் அது கழிவறைக் காகிதம் என்பார்கள்.

டூசேயின் தட்டைப் போட்டுக் கேளுங்கள். முதல் நான்கு விநாடியில் 'அட!' என்பீர்கள். அதற்குப் பிறகு அது முற்றிலும் வேறு பாட்டு. பெர்ரி எடுத்தது அந்த நான்கு விநாடியை மட்டும்தான்.

வரிகள் என்னதான் சொல்கின்றன? நானும் பத்து வருடமாகக் கேட்கிறேன், 'லூயி' தவிர ஒன்றும் புரியவில்லை.

அமெரிக்காவிலேயே யாருக்கும் புரியவில்லை, நீங்கள் வருத்தப்படாதீர்கள். விஷயம் ரொம்பச் சாது. ஜமைக்கா மாலுமி ஒருவன் மதுக்கடையில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுப்பவனிடம் புலம்புகிறான். அந்தக் கடைக்காரன் பெயர்தான் லூயி. பலர் லூயி என்பது காதலி பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள், மூன்று இரவு மூன்று பகல் கடலில் போக வேண்டும், அவள் தலையில் சூடிய ரோஜா மணம் இங்கேயே வருகிறது, நான் கிளம்புகிறேன் லூயி. அவ்வளவுதான். மதுக்கடைக்காரனிடம் மனம் விட்டுப் பேசும் அமைப்பை ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்ற 'ஒன் ஃபார் மை பேபி'யிலிருந்து பிடித்தார் பெர்ரி. அவருடைய ஒலிப்பதிவில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

லாஸ் ஏஞ்சலஸ் பாட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி போர்ட்லாந்துக்கு எப்படிப் போனது?

நல்ல கேள்வி. சியாட்டில், டகோமா பக்கத்து நடன அரங்குகளில் வாசித்த குழுக்கள் பெர்ரியின் தட்டைக் கேட்டுப் பிடித்துக்கொண்டன. டகோமாவில் வெய்லர்ஸ் என்று ஒரு குழு. பாப் மார்லியின் குழுவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் வேறு. அவர்களோடு ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்பவர் பாடி 1961-இல் தட்டு வந்தது. சா சா சா என்ற கியூபா நடன நடையைத் தூக்கி எறிந்துவிட்டு முரட்டு ராக் ஆக்கியவர் இவர்தான். கிடார் தனி வாசிப்புக்கு முன்னால் 'சரி, இப்போதே கொடுப்போம்' என்ற பொருளில் ஒரு கத்துக் கத்துவார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கத்தலையும் சேர்த்தே பாடினார்கள்.

ஆரிகன் கடற்கரையில் சீசைட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கிளப்பின் ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டியில், இந்தத் தட்டை விடாமல் போட்டுப் பிள்ளைகள் ஆடுவதைக் கிங்ஸ்மென் பார்த்தார்கள். தாங்களும் கற்றுக்கொண்டார்கள். வெய்லர்ஸ் தட்டு இல்லாவிட்டால் கிங்ஸ்மென் இல்லை. கவர், அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடிய பதிவு என்று வந்தால் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் அந்தத் தட்டு வட மேற்கை விட்டு வெளியே போகவே இல்லை, பாவம்.

கிங்ஸ்மென் பதிவில் ஒரு தப்பு இருக்கிறது என்கிறார்களே, எங்கே?

ஒரு தப்பா! பதிவே தப்புகளால் ஆனது.

1963 ஏப்ரல் 6. போர்ட்லாந்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. செலவு ஐம்பது டாலர் அளவில். பாடகர் ஜாக் ஈலி முதல் நாள் இரவுதான் இதே பாட்டை மணிக்கணக்கில் இழுத்துப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பல்லில் கம்பி வேறு. மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. கூரையைப் பார்த்துக் கத்துகிற மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, சுற்றிலும் முழங்கும் வாத்தியங்களுக்கு மேலே குரல் போக வேண்டும் என்று கத்தினார். வரி புரியாததற்குக் காரணம் ஆபாசமும் இல்லை, ரகசியமும் இல்லை. இவ்வளவுதான்.

சரி, நீங்கள் கேட்ட இடம். கிடார் தனி வாசிப்பு முடிந்து, ஏறக்குறைய இரண்டாவது நிமிடம் தொடுவதற்குச் சற்று முன்னால் காதைக் கொடுங்கள். ஈலி முந்திக்கொண்டு மூன்றாவது சரணத்தின் முதல் சொல்லை எடுத்துவிடுகிறார். வாத்தியக்காரர்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அவருக்கே தெரிந்துவிடுகிறது, சட்டென்று வாயை மூடிக்கொள்கிறார். அந்த ஓட்டையை டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் தடதடவென்று ஓர் உருட்டு உருட்டி அடைக்கிறார். பிறகு எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்கள். மறுபடி பதிவு செய்யலாம் என்று யாரும் முயலவில்லை. பிற்காலத்தில் பல குழுக்கள் அந்தத் தப்பையும் அப்படியே மனப்பாடம் செய்து, சரியாகத் தப்பான இடத்தில் முந்திக்கொண்டு பாடுகின்றன.

அதே மாதம் அதே ஸ்டுடியோவில் பால் ரெவியரும் ரெய்டர்ஸும் இதே பாட்டைப் பதிவு செய்தார்கள். வாசிப்பு கிங்ஸ்மெனைவிடச் சுத்தம். பெரிய கம்பெனியான கொலம்பியாவும் பின்னால் இருந்தது. தோற்றது அதுதான். பாஸ்டனில் ஒரு ரேடியோக்காரர் 'இந்த வாரத்தின் படு மோசமான தட்டு' என்று கிங்ஸ்மென் பதிவைப் போட்டுக் கிண்டல் செய்தார். மறுநாளே கடைகளில் அதைக் கேட்டு வந்துவிட்டார்கள். டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையின் வெற்றிப் பாட்டுப் பட்டியலில் 2-ஆம் இடம். முதலிடத்தில் அப்போது யார் தெரியுமா? பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் பாடிய 'டொமினிக்'.

எஃப்.பி.ஐ. விசாரித்தது என்பது கட்டுக்கதைதானே அண்ணே?

கதை இல்லை, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் கோப்பே இருக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல்.

தட்டை மெதுவாகச் சுற்றவிட்டால் கெட்ட வார்த்தை கேட்கும் என்று பள்ளிப் பிள்ளைகள் கிளப்பிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு 'உண்மையான வரிகள்' தாளைக் கையால் எழுதிப் பரப்பினார்கள். 1964 தொடக்கத்தில் இண்டியானா ஆளுநர் மாத்யூ வெல்ஷ் தன் மாநிலத்து வானொலிகள் இதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார். எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில் நிமிடத்துக்கு 45, 33, 78 சுற்று என்று தட்டைப் பல வேகத்தில் சுற்றவிட்டுக் கேட்டார்கள். எந்த வேகத்திலும் ஒன்றும் புரியவில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, பாடிய ஜாக் ஈலியை யாரும் கூப்பிட்டு 'தம்பி, என்ன பாடினாய்?' என்று கேட்கவே இல்லை. இரண்டாவது, பதிவில் உண்மையாகவே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது! ஐம்பத்து நான்காவது விநாடி வாக்கில் ஈஸ்டன் குச்சியைத் தவறவிட்டுப் பின்னணியில் ஏதோ கத்துகிறார். அது என்ன என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் அது மட்டும் மாட்டவில்லை.

பழைய டிவி காட்சிகளில் பாடுகிறவர் வாயும் குரலும் வேறு ஆள் மாதிரி இருக்கிறதே?

வேறு ஆள்தான். பாட்டு நாடெங்கும் வெற்றி பெறுவதற்கு முன்பே, 1963 ஆகஸ்டில், இனி நான்தான் முன்னால் நின்று பாடுவேன் என்றார் ஈஸ்டன். குழுவின் பெயர் அவர் குடும்பத்தார் பதிவு செய்தது. ஈலி கோபித்துக்கொண்டு வெளியேறினார். டிவியில் ஈலி குரலுக்கு ஈஸ்டன் வாயசைக்கிறார். பின்னர் வழக்குப் போட்டு அந்த வாயசைப்பை ஈலி நிறுத்தவைத்தார்.

கிடார் இப்போதுதான் கற்கிறேன். இது எனக்கு வாசிக்க வருமா?

இதுவே வராவிட்டால் கிடாரை விற்றுவிடலாம். ஏ, டி, ஈ மைனர், டி, திரும்ப ஏ. மூன்றே கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு), கடைசி வரை மாற்றமில்லை. ஆனால் அந்த ஈ, மைனராக இருக்க வேண்டும். பாதிப் பேர் மேஜராக வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் அது டிராக்ஸ் குழுவின் 'வைல்ட் திங்' பக்கம் போய்விடும், மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். மைனரில் ஒரு சின்னச் சோகம் இருக்கிறது, மாலுமியின் ஏக்கம் அங்கேதான் மிச்சம். கையை முழுக்க வீசாமல் மணிக்கட்டால் அடியுங்கள். டன் டன் டன் என்றதும் ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் டன் டன். இடைவெளியை விட்டுவிட்டால் பாட்டே போய்விடும்.

இரண்டாயிரம் கவர் இருக்கிறதாம். எல்லாம் கேட்க நேரமில்லை, நாலைந்து சொல்லுங்கள்.

வெய்லர்ஸை முன்பே சொல்லிவிட்டேன். அதற்கடுத்து டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ். 1970-களின் தொடக்கத்தில் வந்த அவர்களது 'ஃபங்கி கிங்ஸ்டன்' ஆல்பத்தில் இருக்கிறது. ஜமைக்காக்காரன் மாதிரி ஒரு கலிஃபோர்னியாக்காரர் எழுதிய பாட்டை அசல் ஜமைக்காக்காரர்கள் பாடுகிறார்கள். ஐந்தரை நிமிடத்துக்கு மேல் போகும், அவசரமே இல்லாமல். மாலுமி ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றும்.

ஜூலி லண்டன் 1969-இல் கிசுகிசுப்பாகப் பாடியது. இரவில் கேட்க வேண்டியது. வரி அத்தனையும் புரியும், புரிந்த பிறகுதான் லேசாக ஆபாசமாகவும் இருக்கும்! ஓடிஸ் ரெட்டிங் 1964. குரலுக்காகக் கேட்கலாம், அவருடைய சிறந்த பாட்டு என்று சொல்ல மாட்டேன். மோட்டர்ஹெட் 1978, பிளாக் ஃபிளாக் 1981 இரண்டும் இரைச்சல் பிரியர்களுக்கு. பீச் பாய்ஸ் பாடியதை விட்டுவிடுங்கள், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

இகி பாப்பின் ஸ்டூஜஸ் குழு 1974-இல் டெட்ராய்டில் வாசித்ததன் பதிவு 'மெட்டாலிக் கே.ஓ.' ஆல்பத்தில் வந்தது. எஃப்.பி.ஐ. தேடிக் கிடைக்காத வரிகளையெல்லாம் இகி தாமே எழுதிப் பாடிவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடாதீர்கள். இன்னொரு தொடர்பு: கிங்ஸ்மென் பதிவில் அந்தத் தொடக்கத்தை கீபோர்டில் வாசித்த சிறுவன் டான் கலூச்சிதான் வளர்ந்து ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்தைத் தயாரித்தார்.

பெர்ரிக்கு இதனால் கோடிக்கணக்கில் வந்திருக்குமே?

முப்பது வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. 1950-களின் கடைசியில் கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. இதையும் இன்னும் சில பாட்டுகளையும் சேர்த்து 750 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். நாடே அதைப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் சின்னக் கிளப்புகளில் பாடிப் பிழைத்தார். 1980-களின் நடுவில் அம்மா வீட்டில், அரசு உதவித்தொகையில் இருந்தார்.

அப்போது ஒரு பானக் கம்பெனிக்கு விளம்பரத்தில் இந்தப் பாட்டு தேவைப்பட்டது. அதற்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. தேடி வந்தவர்கள் வழியாகத்தான், உரிமையை மீட்க வழக்குப் போடலாம் என்று அவருக்குத் தெரிந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்து பெரிய தொகை கிடைத்தது. 1997 ஜனவரியில் இறந்தார். கடைசிப் பத்து வருடமாவது நன்றாக இருந்தார். கிங்ஸ்மென் தங்கள் பதிவின் உரிமையை வாங்க 1998 வரை கோர்ட்டுக்கு அலைந்தது தனிக்கதை.

'அனிமல் ஹவுஸ்' படத்தில் கல்லூரிப் பையன்கள் இதைப் பாடுகிறார்கள். கதை 1962-இல் நடக்கிறதே, எப்படி?

கிங்ஸ்மென் பதிவாக நினைத்தால் காலம் இடிக்கும். பெர்ரியுடையதோ வெய்லர்ஸுடையதோ என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. படம் எடுத்தவர்கள் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இதை ஒரு மாநிலப் பாட்டாக ஆக்கினார்களாமே?

முயன்றார்கள். 1985-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு டிவி நகைச்சுவைக்காரர் தொடங்கிவைத்தார். சட்டமன்றம் வரை போனது. ஆனால் பழைய பாட்டே நிலைத்தது.

இப்போதும் யாராவது இதைத் தடை செய்கிறார்களா?

2005 மே மாதம் மிச்சிகனில் பெண்டன் ஹார்பர் என்ற ஊரில் நடந்தது. ஒரு பள்ளியின் பாண்டு வாத்தியக் குழு ஊர்வலத்தில் 'லூயி லூயி' வாசிப்பதாக இருந்தது. வரிகள் ஆபாசம் என்று கல்வி அதிகாரி தடுத்துவிட்டார். டிரம்பெட்டிலும் டிரம்ஸிலும் ஏதய்யா வரி? பெற்றோர் சத்தம் போட்டார்கள், தடை போனது, பிள்ளைகள் தெருவில் வாசித்துக்கொண்டு போனார்கள்.