கிராம்வெல்லின் காகிதங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் காலத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். தாமஸ் கிராம்வெல் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறார். கொல்லர் மகன், படை கிடையாது, பெரிய குடும்பமும் கிடையாது. அரசருக்கு அடுத்த இடத்துக்கு எப்படி வந்தார்? அப்படி வந்தவரை ஒரே நாளில் எப்படிச் சாய்த்தார்கள்? அரசருக்கு அவர் ஏற்பாடு செய்த ஆன் ஆஃப் கிளீவ்ஸ் திருமணம் ஒன்றுதான் காரணமா?

கே.

அன்புள்ள கே.,

பள்ளியில் நாம் படித்த ஆலிவர் கிராம்வெல் வேறு. தாமஸுடைய சகோதரியின் வம்சத்தில், நூறு வருடம் கழித்து வந்தவர் அவர்.

தாமஸை நான் முதலில் பார்ப்பது ஒரு ஜன்னலோரத்தில். 1529 நவம்பர் 1, ஈஷர் மாளிகை. எஜமானர் கார்டினல் உல்சி, அதுவரை அரசரின் முதன்மை அமைச்சர், அரசரின் கோபத்துக்கு ஆளாகிப் பதவி இழந்து அங்கே கிடக்கிறார். கிராம்வெல் கையில் ஜெபப் புத்தகத்தோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்ததை உல்சியின் பணியாளர் கேவெண்டிஷ் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். உல்சிக்காகவா அழுகிறீர்கள் என்று கேட்டால், இல்லை, இத்தனை நாள் உழைத்ததெல்லாம் போகப்போகிறதே என்று எனக்காகத்தான் அழுகிறேன் என்கிறார். ஒளிக்காமல் சொன்ன அந்தப் பதிலால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கே குதிரையேறி லண்டன் போய் நாடாளுமன்றத்தில் இடம் பிடித்தார். அங்கே உல்சிக்காகவும் வாதாடினார்.

அவர் எப்படி மேலே வந்தார் என்பதற்கு என் பதில், எழுத்து, அதாவது சட்டமும் கணக்கும் பதிவேடும். அரசருக்கு முதல் மனைவியிடமிருந்து விவாகரத்து வேண்டும், போப் தர மறுக்கிறார். சரி, இனி எந்த வழக்கும் ரோமுக்கு மேல்முறையீடு போகக்கூடாது என்று 1533இல் ஒரு சட்டம், அரசரே திருச்சபைக்குத் தலைவர் என்று 1534இல் இன்னொன்று. 1535இல் திருச்சபையின் சொத்து வருமானம் முழுவதையும் கணக்கெடுத்தார்கள், அப்புறம் ஐந்தே வருடத்தில் சுமார் 800 மடங்கள் மூடப்பட்டன. 1538இல் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒவ்வொரு தேவாலயத்தின் வட்டாரமும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் புத்தகத்தை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று கோயில் நிர்வாகிகளிடம். புது வரிக்கு வழி பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்களாம். அந்த இரண்டு சாவியில்தான் கிராம்வெல் முழுசாகத் தெரிகிறார் என்பேன்.

வீழ்ச்சிக்குத் திருமணம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. 1540 ஜனவரியில் ஹென்றி மனசில்லாமல் ஆன் ஆஃப் கிளீவ்ஸைக் கைப்பிடித்தார். ஏப்ரலில் அதே ஹென்றிதான் கிராம்வெல்லுக்கு எசெக்ஸ் பிரபு பட்டமும் கொடுத்தார். இதற்கிடையே அரசர் நார்ஃபோக் பிரபுவின் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்ட் மேல் ஆசைப்பட, கொல்லர் மகனை என்றைக்குமே சகிக்காத நார்ஃபோக்குக்கும் பிஷப் கார்டினருக்கும் வழி திறந்தது. ஜூன் 10 அன்று ஆலோசனைக் கூட்டத்திலேயே கைது செய்தார்கள், கழுத்தில் தொங்கிய புனித ஜார்ஜ் பதக்கத்தை நார்ஃபோக்கே பிய்த்தெடுத்தார். தேசத்துரோகம், மதவிரோதம் என்று குற்றச்சாட்டுகள். விசாரணை கிடையாது. குற்றவாளி என்று நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு முடித்துவிடும் முறை அது, முந்தின வருடம் சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போல் மேல் கிராம்வெல்லே அதைப் பயன்படுத்தியிருந்தார். அந்த மூதாட்டிக்குச் செய்ததை நான் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன்.

சிறையில் இருந்தவரிடம் கிளீவ்ஸ் திருமணத்தை ரத்து செய்ய வாக்குமூலம் கேட்டார்கள். அதையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் அரசரிடம் ‘இரக்கம், இரக்கம், இரக்கம்’ என்று மன்றாடியிருக்கிறார். ஜூலை 9இல் திருமணம் ரத்தானது. 28ஆம் தேதி டவர் ஹில்லில் அவர் தலையை வெட்டினார்கள், அன்றே ஹென்றி கேத்தரினை மணந்துகொண்டார்.

சில மாதம் போனதும், இவ்வளவு விசுவாசமான ஊழியனைக் கொல்ல வைத்துவிட்டீர்களே என்று அரசர் ஆலோசகர்களைக் கடிந்துகொண்டதாகப் பிரெஞ்சுத் தூதர் மரியாக் எழுதுகிறார். அதற்கு முன்பே, அந்த டிசம்பரில், மகன் கிரெகரிக்குப் பிரபு பட்டம் கிடைத்திருந்தது.