சின்ன விமானத்துக்குப் பறவைச் சிறகு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பெரிய விமானத்தின் இறக்கையை அப்படியே சுருக்கி ஒன்றரை அடி விமானம் செய்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தொப்பென்று விழுகிறது. எங்கே தவறு?

பதில்: இறக்கையைச் சுருக்கலாம் தம்பி, காற்றைச் சுருக்க முடியாதே. இறக்கை அகலம் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை) 10 செ.மீ., வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் 67,000 பக்கம் வரும். காற்றின் உந்தம் அதன் பிசுபிசுப்பைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று சொல்லும் எண் இது. பயணிகள் விமானத்துக்கு அது கோடிக்கணக்கில் இருக்கும். எண் குறையக் குறைய காற்றின் பிசுபிசுப்பு கை ஓங்கும். தடித்த இறக்கையின் முதுகில் காற்று ஒட்டி ஓட முடியாமல் பாதியிலேயே பிரிந்துவிடும், தூக்குவிசையும் போய்விடும்.

கீழே கிடக்கும் புறா இறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள். தாள் மாதிரி மெலிசு, ஆனால் வளைவு உண்டு. சிறகிலும் எலும்பும் தசையும் இருக்கிற முன்பக்கம்தான் தடிப்பு. பின்பக்கம் வெறும் இறகு. அந்த மெலிவும் வளைவும்தான் நமக்கு வேண்டும். 3 மி.மீ. ஃபோம் ஷீட்டை மேசை விளிம்பில் அழுத்தி மெதுவாக இழுங்கள், வளைந்து கொடுக்கும். 10 செ.மீ. அகலத்துக்கு 5, 6 மி.மீ. வளைவு போதும்.

கேள்வி: பழைய இறக்கையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வேறு வழி?

பதில்: முன் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி, மேல்பக்கம், நுனிக்கு நுனி தையல் நூல் ஒட்டிப் பாருங்கள். நூல் காற்றைக் கலக்கிவிடும். கலங்கிய காற்று சீக்கிரம் பிரியாது.

கேள்வி: கழுகுக்கு இருப்பதுபோல நுனியில் விரல் விரலாகப் பிரித்தால்?

பதில்: கழுகுக்கு அது உதவுகிறது, சிறகு நுனியில் எழும் காற்றுச் சுழலைப் பிரித்து இழுவையைக் குறைக்கிறது. உங்கள் அளவில் ஒன்றரை செ.மீ. அகல விரல் ஒவ்வொன்றுக்கும் ரெனால்ட்ஸ் எண் 10,000தான், உராய்வே பெரிதாகிவிடும். இடம் இருந்தால் இறக்கையை நீட்டுங்கள். அல்பட்ராஸ் என்ற கடல் பறவைக்கு விரல் கிடையாது, நீளம்தான்.

கேள்வி: சார், பருந்து இறங்கும்போது சிறகின் முன்னால் குட்டி இறகு ஒன்று எழும்புகிறதே?

பதில்: அதன் பெயர் அலூலா. பறவையின் கட்டைவிரல் அது. சிறகை மிகவும் நிமிர்த்தும்போது காற்று பிரியாமல் பிடித்துவைக்கும். மெதுவாக இறங்க வேண்டிய விமானத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: பறக்கும்போதே உருவம் மாறும் இறக்கை சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த பிஜியன்பாட் என்ற பறக்கும் ரோபோவில் 40 நிஜப் புறா இறகுகள் இருந்தன. 2020-இல் வெளியான அந்த ஆய்வில் என்னை அசத்தியது வேறு விஷயம்: அடுத்தடுத்த இறகுகள் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, வெல்க்ரோ மாதிரி. அதனால் நடுவில் இடைவெளி விழுவதில்லை. சிறகை மடக்கினால் தானே விடுபட்டுவிடும்.